மார்கழிப் பனியில செட்டிநாட்டுக் கோயில்காட்டுப் பெருமரங்கள போட்டோ எடுக்குறது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாலு பேரு கைகோத்து நின்னாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம், போட்டோவுல பாத்தா கொல்லையில நிக்கிற முருங்கை மாதிரி இருக்கும். மொத வருஷம் நான் எடுத்த அத்தன படமும் அந்த லட்சணந்தான். தேவகோட்டைப் பக்கம் ஒரு அய்யனார் கோயில்காடு, ஊர்ப்பேரு வேணாம், அங்க ஒரு மருதமரம் நிக்கிது, சணல் கயிறு போட்டு அளந்தா அடிமரச் சுத்தளவு மட்டும் 21 அடி. நான் புதுசா வாங்குன 16 எம்எம் வைட் லென்ஸோட (ரொம்ப அகலமாக் காட்டுற லென்ஸு) போயி, மரத்துலேர்ந்து நாலடி தள்ளி நின்னு, மண்டி போட்டு, மல்லாக்கப் படுத்து, எல்லா கோணத்துலயும் எடுத்தேன். வீட்டுல வந்து பெருசு பண்ணிப் பாத்தா ஐஸ்கிரீம் கோனக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு, அடி மட்டும் தடியா, மேல போகப் போக ஒண்ணுமில்லாம.

அந்தக் கோயில் பூசாரி ஒரு வேளார், எழுபது வயசு இருக்கும், நான் உருண்டு பெரண்டு எடுக்குறத திண்ணையில ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தவரு கடைசியில சொன்னாரு: "தம்பி, ஆன காலுக்கடியில நின்னுக்கிட்டு ஆனையப் பாக்கணும்னா எப்புடி? அந்தா கம்மாக்கரைக்குப் போயி நின்னு பாருங்க." போனேன். அங்கேர்ந்து பாத்தப்பதான் மரம் எம்புட்டுப் பெருசுன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. அன்னைக்கு நான் கத்துக்கிட்டதையும் அதுக்கப்புறம் அஞ்சாறு மார்கழி சுத்துனதுல தெரிஞ்சதையும் சேத்துதான் இத எழுதுறேன்.

ஏன் மார்கழி

வெளிநாட்டுக்காரங்க குளிர்கால மரம் பத்தி எழுதுறத படிச்சா பூராம் பனிக்கட்டி, இலையுதுந்த கெளை, பேட்டரி வெறச்சுப் போறது, இதான் இருக்கும். நமக்கு அது எதுவும் கெடையாது. நம்ம கோயில்காட்டுல நிக்கிற வீரை, பாலை மாதிரி மரமெல்லாம் வருஷம் பூரா பச்சையாவே இருக்குற சாதி, இலுப்பை கூட இலை கொட்டுறது மாசி பங்குனியிலதான். அதனால இலையில்லாத மரத்தோட எலும்பு தெரியிற படம் இங்க மார்கழியில கெடைக்காது, அதத் தேடாதீங்க.

நமக்குக் கெடைக்கிறது மூடுபனி. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு, மண்ணு ஈரமா, கம்மா ஊரணியெல்லாம் தண்ணியா இருக்குற சமயம் அது. கோயில்காட்டுல படம் எடுக்குறதுல பெரிய தலவலி என்னன்னா எல்லாமே பச்சை, பெரிய மரத்துக்குப் பின்னாடி இன்னொரு மரம், அதுக்குப் பின்னாடி கொடி, புதரு, சூராமுள்ளு, எது முன்னாடி எது பின்னாடின்னு கேமராவுக்குத் தெரியாது. சித்திரையில எடுத்தீங்கன்னா மரம் காட்டுக்குள்ள கரைஞ்சு போயிரும். மார்கழிப் பனியில பின்னாடி நிக்கிற காடு வெளுத்துப் போயி, முன்னாடி நிக்கிற பெருமரம் மட்டும் கருப்பா தனிச்சு நிக்கும். ஸ்டுடியோவுல வெள்ளத்துணி கட்டி வக்கிற மாதிரி, காசில்லாம.

இன்னொன்னு சூரியன். நம்ம காரைக்குடி இருக்குறது பூமத்திய ரேகைக்கு வடக்க சுமாரா 10 டிகிரில, அதனால மார்கழியில உச்சிவேளையில கூட சூரியன் தலைக்கு நேரா வராது, தெக்க சாஞ்சு 56, 57 டிகிரி ஒசரத்துலதான் நிக்கும், சித்திரையில நட்ட நடுத் தலைல அடிக்கும் பாருங்க, அதுக்கும் இதுக்கும் அம்புட்டு வித்தியாசம். உதிக்கிறதும் நேர் கெழக்குல இல்ல, 24 டிகிரி போல தெக்க தள்ளி. இது எதுக்கு முக்கியம்னா, மரத்தோட வடக்குப் பக்கப் பட்டையில இந்த மாசம் பூரா நேரடி வெயிலே படாது, தெக்கு, தென்கெழக்குப் பக்கந்தான் காலை வெயில் வாங்கும். கோயில் கெழக்க பாத்து இருக்கு, வாசல்லேர்ந்து எடுத்தா வெளிச்சம் நேரா விழும்னு கணக்குப் போட்டுப் போயி ஏமாந்தவன் நான்.

பனி எல்லா நாளும் எறங்காது. நான் பாக்குறது மூணு விஷயம்: ரெண்டு மூணு நாளைக்குள்ள மழை பேஞ்சு மண்ணு ஈரமா இருக்கணும், ராத்திரி வானம் சுத்தமா நட்சத்திரம் தெரியணும், காத்து அசையக் கூடாது. மேகம் மூடுன ராத்திரின்னா தரையோட சூடு வெளிய போகாது, பனியும் எறங்காது, அலாரத்த அணச்சுட்டுத் தூங்கலாம். ராத்திரி பத்து மணிக்கு மொட்டமாடில நின்னு வானத்தப் பாருங்க, பைக் சீட்டத் தொட்டா ஈரமா இருந்தா வெள்ளன எந்திரிக்கிறதுல தப்பில்ல.

எந்த மரம், எங்க நிக்கும்

செட்டிநாடுன்னாலே ஆத்தங்குடி டைல்ஸு, கானாடுகாத்தான் வீடுகன்னுதான் வர்றவங்க பாத்துட்டுப் போறாங்க, அந்த வீடுகளத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர் செம்மண் ரோட்டுல போனா ஏதாவது ஒரு அய்யனாரோ காளியோ கருப்பரோ காட்டுக்குள்ள ஒக்காந்திருப்பாங்க. அந்தக் காடுகதான் நம்ம எடம். சாமி காடுன்னு யாரும் அருவா வைக்காம விட்டதாலதான் மரம் இம்புட்டு வயசு நின்னுருக்கு.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மொகம் இருக்கு, அதப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேல முடிஞ்சுது. மருது தண்ணிக்கிட்ட நிக்கிற மரம், கம்மாக்கரை, வாய்க்கா ஓரம். பட்டை வழுவழுன்னு வெளுப்பா, தாளு தாளா உரிஞ்சு, உரிஞ்ச எடம் வேற நெறத்துல இருக்கும். மழை நனைச்ச மறுநாள் அந்தப் பட்டைய பாத்தீங்கன்னா சாம்பல், இளஞ்செவப்பு, பச்சைன்னு திட்டுத் திட்டா, அதுவே தனிப் படம். இதுக்கு தண்ணியில விழுற நெழலையும் சேத்து எடுக்கலாம், தை பொறந்து காத்து கெளம்புறதுக்கு முன்னாடி.

வீரை இருக்கு பாருங்க, எனக்கு அதான் ரொம்பப் புடிக்கும், ஆனா படம் எடுக்குறவங்க யாரும் கண்டுக்குறதில்ல. ஒசரம் பெருசா இருக்காது. வயசான வீரையோட அடிமரம் நேரா உருண்டையா இல்லாம, நாலஞ்சு கயித்த முறுக்கி வச்ச மாதிரி வரி வரியா, நடுநடுவுல பொந்தும் முடிச்சுமா இருக்கும். பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தா ஒவ்வொரு வரிக்கும் ஒரு நெழல் கெடைக்கும். மருதுக்கு மூடுன வானம் நல்லது, வீரைக்கு சாஞ்ச வெயில் நல்லது, என் அனுபவத்துல.

ஆலமரத்துல பண்ற தப்பு முழு மரத்தையும் ஃப்ரேமுக்குள்ள அடைக்கப் பாக்குறது. முடியாது. கல்கத்தா பக்கம் ஹவுரால இருக்குற பெரிய ஆலமரத்துக்கு நடு அடிமரமே 1925ல நோய் வந்து எடுத்தாச்சு, நம்ம அடையாறு ஆலமரத்துக்கு 1989 புயல்ல நடுமரம் சாஞ்சு போச்சு, ரெண்டும் விழுதுலதான் நிக்கிது. ஆக ஆலமரத்துக்கு விழுதுதான் படம். செட்டிநாட்டு வீட்டு வளவுல பர்மா தேக்குத் தூணு வரிசையா நிக்கும்ல, அந்தத் தூணுகள எப்புடி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடுக்கி எடுப்பீங்களோ அப்புடி விழுத எடுங்க, பனியில தூரத்து விழுது வெளுத்துக்கிட்டே போகும்.

இலுப்பை பழைய சிவன் கோயில் பக்கம் நெறைய, காரைக்குடிக்குப் பக்கத்துல இலுப்பைக்குடின்னு நகரத்தார் கோயில் ஊரே இருக்கு, பேரு எதுலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லவே வேணாம். ஒரு காலத்துல கோயில் வெளக்கெல்லாம் அந்த எண்ணையிலதான் எரிஞ்சுச்சு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரைம்பாங்க, பூவ எடுக்கணும்னா பங்குனிக்குத் திரும்பி வாங்க. புளியமரம் ரோட்டோரம் பாத்த எடமெல்லாம் நிக்கிது, ரோடு அகலப்படுத்துறப்ப மொதல்ல போறதும் அதான், அதனால நல்ல புளி கண்ணுல பட்டா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

கோயில்காட்டுக்குள்ள நடந்துக்குற வெதம்

இத செட்டிங்ஸுக்கு முன்னாடியே சொல்லிர்றேன், ஏன்னா இதுல கோட்ட விட்டா கேமரா எடுக்கவே வேண்டியதில்ல. மொத நாளே போயி பூசாரியவோ ஊர்ப் பெரியவர் ஒருத்தரயோ பாத்து, "ஐயா, மரத்த மட்டும் படம் எடுத்துக்கிறேன்"னு கேட்டுருங்க. செல காட்டுல எல்லைக் கல்லுலயே செருப்பக் கழட்டணும், செல எடத்துல பொம்பளைங்க உள்ள போகக் கூடாதும்பாங்க, செல எடத்துல செவ்வா வெள்ளி மட்டும் ஆள் வரும். சரியா தப்பான்னு அங்க நின்னு வாதம் பண்ணாதீங்க, ஒத்துவரலன்னா அடுத்த காட்டுக்குப் போங்க.

உள்ள ஒரு சுள்ளி கூட ஒடிக்கக் கூடாது, ஃப்ரேமுக்குள்ள மறைக்கிற கெளைய "லேசா" ஒடிச்சு விடுற பழக்கம் செல பேருக்கு இருக்கு, சாமி குத்தம்னு ஊரே வந்து நிக்கும், நிக்கிறதும் நியாயந்தான். மரத்துல கட்டியிருக்குற தொட்டில், மணி, மஞ்சத்துணி எல்லாம் யாரோ வேண்டிக்கிட்டது, நகத்தி வக்காதீங்க. மூலவரத் தனியாக் கேக்காம எடுக்காதீங்க. ட்ரோன் வேணவே வேணாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவை சரணாலயத்த ஒட்டி இருக்குற கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்க பறவைக்காக தீவாளிக்கு வெடியே போடுறதில்ல, அப்பேர்ப்பட்ட சீமையில போயி தலைக்கு மேல விர்ருன்னு எதையாவது பறக்க விட்டா எப்புடி இருக்கும்.

பாம்பு விஷயம். செருப்பில்லாம இருட்டுல காட்டுக்குள்ள நடக்குறது புத்திசாலித்தனம் இல்ல. குளிர்காலத்துல கண்ணாடிவிரியன் நடமாட்டம் நல்லாவே இருக்கும், சருகுக்குள்ள கெடந்தா சத்தியமா தெரியாது. அதனால நான் இருட்டுல போறதெல்லாம் காட்டுக்கு வெளிய, கம்மாக்கரை, வயக்காட்டு வரப்பு, பூட்ஸோட, டார்ச்சோட. காட்டுக்குள்ள நல்லா வெளுத்த பெறகுதான். மேல மலைத்தேனீ கூடு இருக்கான்னு அண்ணாந்து பாத்துக்குங்க, இருந்தா ஃப்ளாஷ் அடிக்காதீங்க, செண்ட் போட்டுட்டுப் போகாதீங்க, பக்கத்துல நின்னு பீடி சிகரெட் பத்தவே கூடாது. டிரைபாட கெளையில சாத்தி வச்சா முசுறு ஏறிரும், அது கடிச்சா தெரியும்.

பையில என்ன

கேமரா எதுவா இருந்தாலும் சரி, மேனுவல் மோடும் (எல்லா அளவையும் நம்மளே வக்கிறது) ரா ஃபைலும் (கேமரா திருத்தாம அப்புடியே சேத்து வக்கிற படம்) இருந்தாப் போதும். லென்ஸு ரெண்டு, ஒரு 24-70 எம்எம் மாதிரி, ஒரு 70-200 எம்எம் மாதிரி, எம்எம் கம்மின்னா அகலமாத் தெரியும், கூடுனா தூரத்துல இருக்குறது கிட்டத் தெரியும். ஒண்ணுதான் வாங்க முடியும்னா 50 எம்எம். அந்த 16 எம்எம்ம நான் வித்துட்டேன். டிரைபாட் கனமா இருக்கணும், கரையில களிமண்ணு ஈரமா இருந்தா கால் பைய எறங்கும், மூணு தேங்காத் தொட்டிய அடியில வச்சா எறங்காது, சிரிக்காதீங்க, வேல செய்யிது. போலரைசர் ஃபில்டர் ஒண்ணு, லென்ஸ் ஹூடு, பழைய பருத்தி வேட்டித் துணி ரெண்டு மூணு, சணல் கயிறு, டேப்பு, டார்ச்சு.

ஏசி ரூம்ல தங்குறவங்க இதக் கண்டிப்பா கேளுங்க. நண்பர் ஒருத்தரோட ஒரு லாட்ஜுல தங்குனோம், ஏசிய 18ல வச்சுட்டு கேமராவ மேசையில விட்டுட்டுத் தூங்கியாச்சு. காலையில அஞ்சே காலுக்கு கம்மாக்கரையில கேமராவ எடுத்தா லென்ஸு, வியூஃபைண்டர், உள்கண்ணாடி எல்லாம் ஆவி. தொடைக்கத் தொடைக்க மறுபடி படியிது. பனி பிரமாதமா எறங்குன நாளு, அந்த வாரத்துலயே அது ஒண்ணுதான், ஏழேகாலுக்கு லென்ஸு தெளிஞ்சப்ப பனியும் தெளிஞ்சு போச்சு. இப்பல்லாம் மொத நாள் ராத்திரியே பைய மூடி ஏசி இல்லாத எடத்துல, பால்கனியோ பாத்ரூமோ, வச்சுர்றது. அது முடியலன்னா கெளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடுன பையோட வெளிய வச்சிருங்க, தொறக்காம.

மொத நாள் சாயங்காலம்

கேமராவப் பையிலயே வச்சுட்டு மரத்த ஒரு சுத்து சுத்துங்க. ஒரு சுத்துன்னா கோயில் பெரதட்சணம் மாதிரி ஒட்டி இல்ல, நல்லா அம்பது அறுவது மீட்டர் தள்ளி. எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா அடிமரம் மறைக்காம தெரியிது, எந்தப் பக்கம் கரண்டு கம்பி வருது, எங்க சிமெண்டு மண்டபம் இடிக்கிது, எல்லாம் பாருங்க. போன்ல திசைகாட்டிய எடுத்து தென்கெழக்கு எங்கன்னு குறிச்சுக்குங்க, நாளைக்கு வெயில் அங்கேர்ந்துதான்.

எவ்வளவு தள்ளி நிக்கணும்னு ஒரு கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவ (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார் உள்ளது) நெட்டவாக்குல புடிச்சு, 20 மீட்டர் ஒசர மரத்த உச்சிலேர்ந்து வேர் வரைக்கும் எடுக்கணும்னா 50 எம்எம்முக்கு குறைஞ்சது 30 மீட்டர், 85 எம்எம்முக்கு 50 மீட்டர். பக்கத்துல நின்னு வைட்ல எடுத்தா கேமராவ அண்ணாத்தணும், அண்ணாத்துனா மரம் பின்னாடி சாயும், உச்சி சிறுத்துப் போகும், அதுக்குமேல அது பெருமரமாத் தெரியவே தெரியாது. தள்ளிப் போகப் போக கேமரா நேரா நிக்கும், மரமும் நேரா நிக்கும். கம்மாக்கரை ஏன் நல்லதுன்னா அது தரையவிட பத்துப் பன்னெண்டு அடி ஒசரம், அதுல ஏறி நின்னா நம்ம கண்ணு தரையிலேர்ந்து நல்லா மேல வந்துரும், அண்ணாத்த வேண்டிய அளவு இன்னும் கொறையும். வேளாரய்யா லென்ஸு படிப்பெல்லாம் படிக்கல, ஆனா அவர் சொன்ன எடம் அதான்.

நிக்க வேண்டிய எடத்த மூணு குறிங்க. ஒண்ணு தூரத்துல பனிக்கு, ஒண்ணு நடுத்தூரத்துல வெயில் வந்த பெறகு, ஒண்ணு பக்கத்துல பட்டைக்கும் வேருக்கும்.

விடியக்காலை

அஞ்சரைக்கு கரையில இருக்கணும். அந்நேரம் ஊருக்குள்ள கோயில் ஸ்பீக்கர்ல மார்கழிப் பாட்டு போயிக்கிட்டிருக்கும், வாசல்ல கோலம் போட ஆச்சிமாரு எந்திரிச்சிருப்பாங்க, ஒரு ஃப்ளாஸ்க்ல காபி வாங்கிக்கிட்டா பொழச்சீங்க. சூரியன் உதிக்க ஆறரை போல ஆகும். அதுக்கு அரைமணிக்கு முன்னாடி ஒரு நீல வெளிச்சம் வரும், மரம் வெறும் கருப்பு உருவமா நிக்கும், அப்ப டிரைபாட்ல வச்சு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டுற உணர்வு) 100, எஃப் (லென்ஸு தொறக்குற அளவு) 8, ஷட்டர் (வெளிச்சம் உள்ள விழுற நேரம்) ரெண்டு மூணு செகண்டு, கை அதிராம இருக்க ரெண்டு செகண்டு டைமர். காத்தில்லாத நேரம், இலை ஆடாது. ஆடுனா ஐஎஸ்ஓவ 800 வரைக்கும் ஏத்தி ஷட்டரக் கொறச்சுக்குங்க, அடிமரத்துக்கு எந்த ஷட்டரும் ஓகே, இலைக்குத்தான் கவலை.

ஆறே முக்காலுக்கு மேல பனி வெளிச்சத்துல வெள்ளையா மாறும். இங்கதான் நெறைய பேருக்குப் படம் அழுக்காப் போகுது. கேமராவோட மீட்டரு வெள்ளையப் பாத்தா சாம்பலாக்கப் பாக்கும், ஆட்டோல விட்டா பனி புகை மாதிரி மங்கலா வரும். முக்கால்லேர்ந்து ஒரு ஸ்டாப் கூட்டுங்க (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு), ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டுற வெளிச்ச வரைபடம்) வலது பக்கம் சாஞ்சு நிக்கணும், ஆனா வலது சுவத்துல முட்டக் கூடாது. ஒயிட் பேலன்ஸ (படத்தோட நெறச் சாயல்) ஆட்டோல விடாதீங்க, கேமரா பனியோட நீலத்த எடுத்துட்டு பச்சைய மஞ்சளாக்கி வச்சிரும், 5200, 5500 கெல்வின்னு ஏதாவது ஒண்ணுல நிறுத்திட்டு மாத்தாம எடுங்க.

இந்த நேரத்துல 70-200தான் கையில இருக்கணும். பெருமரம், அதுக்குப் பின்னாடி நிக்கிற நாலஞ்சு மரம், ஒவ்வொண்ணும் ஒரு அளவு வெளுப்புல அடுக்கடுக்கா தெரியும், லாங் லென்ஸு அந்த அடுக்கெல்லாம் கிட்டக் கிட்டக் கொண்டாரும். பனி பாயிர வேகத்தப் பொறுத்து நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், கெடச்சுச்சுன்னு கெளம்பிராதீங்க. லென்ஸு மேலயும் பனி படியும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ டார்ச்சடிச்சுப் பாத்து வேட்டித் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

ஏழரை எட்டுக்கு வெயில் பனிய அறுத்துக்கிட்டு உள்ள வரும். கெளை இடுக்குல கதிர் கதிரா விழும், அது கெடைக்கிறது பத்து நிமிஷம் பதினஞ்சு நிமிஷந்தான். சூரியன அடிமரத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சு எடுங்க, நேரா லென்ஸுல விழாம. கதிருக்காக எக்ஸ்போஷர (படத்துல விழுற வெளிச்ச அளவு) கொறச்சு வைங்க, நெழல ரா ஃபைல்லேர்ந்து அப்புறம் தூக்கிக்கலாம், வெந்து போன வெள்ளைய யாராலயும் மீட்க முடியாது.

ஒரே ஃப்ரேமுக்குள்ள அடங்கலன்னா

தள்ளிப் போக எடமில்லாத மரம் நெறைய, ஒரு பக்கம் கோயில் சுவரு, இன்னொரு பக்கம் முள்ளுக்காடு. அதுக்கு ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கி எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டணும்.

கலிஃபோர்னியா செக்கோயாக் காட்டுல தி ப்ரெசிடெண்ட்னு ஒரு மரம், சுமாரா 75 மீட்டர் ஒசரம், 3,000 வருஷத்துக்கு மேல வயசு, அத மைக்கேல் நிக்கோல்ஸ்னு ஒரு போட்டோகிராஃபர் பனி கொட்டுற காலத்துல எடுத்து 2012 டிசம்பர் நேஷனல் ஜியாகிராஃபிக்ல வந்துச்சு, 126 படத்த ஒட்டி ஒரே படம். அதுல கவனிக்க வேண்டியது, அவங்க கேமராவ அண்ணாத்தல, கயிறு கட்டி கேமராவையே கீழேர்ந்து மேல வரைக்கும் ஏத்தி நேருக்கு நேரா எடுத்தாங்க, அதனாலதான் உச்சி சிறுக்கல. மரத்துல சின்னச் சின்னதா ஆளுங்க தொங்குறாங்க, ஆளப் பாத்த பெறகுதான் மரம் புரியும்.

நம்ம கயிறெல்லாம் கட்டப் போறதில்ல, டிரைபாட்ல இருந்தபடியே எடுப்போம். கேமராவ படுக்கவாக்குல வைங்க, நெட்டவாக்குல இல்ல, அகலம் நெறைய கெடைக்கும். 50 எம்எம், எல்லாமே மேனுவல், ஃபோகஸ அடிமரப் பட்டையில வச்சுட்டு பூட்டிருங்க. எக்ஸ்போஷர மேல வெளுத்த வானத்துக்குக் கணக்குப் பண்ணி வைங்க, கீழ இருட்டா இருந்தாலும் பரவால்ல, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாத்தாதீங்க. வேருக்குக் கீழ ஒரு ஃப்ரேம் தரைய மட்டும் எடுத்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு ஃப்ரேமும் முந்தினதோட மூணுல ஒரு பங்கு மேல விழுற மாதிரி ஏத்திக்கிட்டே போயி, உச்சிக்கு மேல வெறும் வானத்தோட முடிங்க. ஆறேழு ஃப்ரேம் வரும். வேகமா எடுங்க, பனி நகர்ந்தா ஒட்டு தெரியும். லைட்ரூம் சாஃப்ட்வேர்ல ஒட்டலாம், காசு வேணாம்னா ஹியூகின்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. எந்த ஆப்ஷன்ல ஒட்டுனா உச்சி இழுபடாம வருதுன்னு பாத்து எடுத்துக்குங்க. அப்பவும் மரம் லேசா பின்னாடி சாஞ்ச மாதிரி இருக்கும், முழுசா நிமித்தாதீங்க, பாதி நிமித்துனாப் போதும், முழுசா நிமித்துனா மரம் நம்ம மேல விழ வர்ற மாதிரி இருக்கு.

போன்ல எடுக்குறவங்களுக்கும் இதேதான். 0.5 லென்ஸ மறந்துருங்க, 2 எக்ஸ், 3 எக்ஸ்ல தள்ளி நின்னு எடுங்க. போன நெட்டவாக்குல புடிச்சு பக்கவாட்டுல நகத்துற பனோரமாவ, படுக்கவாக்குல புடிச்சு கீழேர்ந்து மேல நகத்துனா மரத்துக்கு ஆகும். எச்டிஆர்ர (இருட்டையும் வெளிச்சத்தையும் போனே சமப்படுத்துறது) அணைக்க முடிஞ்சா அணைங்க, பனியெல்லாம் தொடச்சு எடுத்துப்புடும்.

அளவு காட்டுறது

ஆளு இல்லாத மரப் படத்துல மரம் எம்புட்டுன்னு யாருக்கும் தெரியாது. நம்ம காட்டுல இதுக்குப் பஞ்சமே இல்ல, மண்குதிரை நிக்கிது, சூலம் நிக்கிது, பூசாரி தீவட்டியோட வருவாரு, ஆடு மேய்க்கிறவரு போவாரு. ஆனா மண்குதிரையில ஒரு சிக்கல், ஒரு ஊருல குதிரை இடுப்பளவு, இன்னொரு ஊருல ஆளவிட ஒசரம், அதனால வெளியூர்க்காரங்களுக்கு அளவு புரியாது. ஆளு, சைக்கிள், மாடு, இதுல ஒண்ணு இருந்தா யாருக்கும் புரியும். ஆள மரத்துக்கு முன்னாடி நிக்க வைக்காதீங்க, கேமராகிட்ட வந்துட்டா ஆளு பெருசாயிருவாரு. அடிமரத்த ஒட்டி, ஒரு ஓரமா, மரத்தோட அதே தூரத்துல. போஸ் குடுக்கச் சொல்லாதீங்க, அவரு வேலைய அவரு பாக்கட்டும்.

கிட்டப் போயி எடுக்குறது

எட்டரைக்கு மேல காட்டுக்குள்ள போலாம். வெயில் ஏறுனாலும் உள்ள நெழலா இருக்கும். ஈர இலையெல்லாம் பளபளன்னு வெள்ளைப் புள்ளியாத் தெரியும், போலரைசரச் சுத்துனா அந்தப் பளபளப்பு போயி உள்ள இருக்குற பச்சை வரும், ஒன்றரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் தின்னும், டிரைபாட் இருக்குறதால கவலையில்ல. வேர முன்னாடி வச்சு மரத்தப் பின்னாடி வைக்கணும்னா ஃபுல் ஃப்ரேம்ல 24 எம்எம், எஃப் 11, ரெண்டு மீட்டர்ல ஃபோகஸ், ஒரு மீட்டர்லேர்ந்து கடைசி வரைக்கும் ஓரளவு கூர்மையா வந்துரும். வைட் லென்ஸுக்கு வேல இருக்குறது இங்க மட்டுந்தான்.

வீரையோட பொந்துக்குள்ள கை விடாதீங்க. ஆந்தை இருக்கலாம், வேற எதுவும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து

எடிட்டிங்ல ஒரே எச்சரிக்கை, டீஹேஸ்னு ஒரு ஸ்லைடர் இருக்கும், அதத் தொடாதீங்க, அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் போயி வாங்கிட்டு வந்த பனிய ஒரே இழுப்புல தொடச்சு எறிஞ்சிரும். பச்சையோட அடர்த்தியக் கொஞ்சம் கொறைங்க, அடிமரத்துல மட்டும் லேசா கான்ட்ராஸ்ட் கூட்டுங்க, அம்புட்டுத்தான்.

படத்துக்குக் கீழ வயசு எழுதாதீங்க. ஊருக்கு ஊரு "ஐநூறு வருஷ மரம்", "ஆயிரம் வருஷ மரம்"னு போர்டு இருக்கு, நம்ம வெப்ப மண்டல மரத்துல வருஷ வளையத்த நம்ப முடியாது, வயசான மரம் பெரும்பாலும் உள்ள பொந்தாவும் இருக்கும், எண்ண ஒண்ணும் மிஞ்சாது. சுத்தளவ எழுதுங்க. தரையிலேர்ந்து 1.37 மீட்டர் ஒசரத்துல கயிற சுத்தி, கயிற டேப்புல அளந்தாப் போச்சு, வனத்துறைக்காரங்க அளக்குற ஒசரமும் அதான். பூசாரிகிட்ட கேட்டுட்டு கயிறு போடுங்க. நாள், மரத்தோட பேரு, சுத்தளவு எழுதுங்க, ஊரோட சரியான லொக்கேஷன் போடாம விடுறது நல்லது, செல காட்டுல கூட்டம் சேந்து பிளாஸ்டிக்காக் கெடக்கு.

படம் எடுத்த கோயிலுக்கு ஒரு பிரிண்ட் குடுத்துருங்க, 12க்கு 18 சைஸ், மேட் பேப்பர்ல, லேமினேட் பண்ணி, இல்லன்னா கரையான் தின்னுரும். நான் அந்த மருதமரத்துப் படத்த, கம்மாக்கரையிலேர்ந்து 85 எம்எம்ல எடுத்தத, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வேளாரய்யாகிட்ட கொண்டு போயிக் குடுத்தேன். பனிக்குள்ள மரம் நிக்கிது, அடிமரத்துல அவரோட சைக்கிள் சாத்தியிருக்கு, சுண்டுவெரல் நகம் அளவுக்கு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"நம்ம சைக்கிளு இம்புட்டூண்டா இருக்கு?"ன்னாரு.